தடுக்கி ஓடும் சிலந்தி: குன்னூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

குன்னூரிலிருந்து நீங்கள் எழுதியிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வரிக் கேள்விதான். ஸ்பைடர்-மேன்கள் பலர் ஒன்றுகூடும் அந்த இரண்டு அனிமேஷன் படங்களிலும், அதாவது 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’, 2023இல் வந்த ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ இரண்டிலும், உருவங்கள் தடுக்கித் தடுக்கி நகர்வதும், கண்ணாடி போடாமல் த்ரீடி படம் பார்ப்பதுபோல் வண்ணங்கள் விலகி நிற்பதும் வேண்டுமென்றே செய்தவையா, எங்காவது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தவைதான். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விவரங்களைப் படித்தபோது கேள்வி அங்கே முடியவில்லை என்று தோன்றியது. முதல் படத்தை வீட்டு டிவியிலும், இரண்டாவதைக் கோயம்புத்தூருக்கு இறங்கிப்போய்த் தமிழிலும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாவதன் தொடக்கத்தில் வசனம் பிடிபடவில்லை, கதை பாதியில் நின்றது, மலையேறித் திரும்பும்போது தலைவலி. உங்கள் பதினோரு வயது மகளோ இரண்டையும் நான்கு நான்கு முறை பார்த்துவிட்டாள். உலகமே கொண்டாடும் ஒன்று தனக்கு மட்டும் பிடிபடாமல் போனால் குறை படத்திலா, கருவியிலா, தன்னிடமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. இம்மூன்றுக்கும் உங்கள் அனுபவத்தில் பங்கு இருக்கிறது என்பதால் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் அனிமேஷன் கூடங்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இன்பிட்வீன், அதாவது முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் ஓவியங்களை வரைபவராகவும், பிறகு தனித்தனியே செய்தவற்றை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங் பிரிவிலும். இப்போது கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். நீங்கள் கேட்கும் இரண்டு படங்களிலும் நான் வேலை செய்ததில்லை. படம் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிச் சொல்வதை நீங்கள் நம்பலாம். மக்கள் ஏன் ரசித்தார்கள் என்று சொல்லும் இடங்களில் என் ஊகமும் கலந்திருக்கும். தலைவலியைப் பற்றிய பகுதியில் ஒரு சாதாரணப் பார்வையாளருக்குத் தெரிந்த அளவே எனக்கும் தெரியும்.

தடுக்கலிலிருந்து தொடங்குகிறேன். திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. கணினியில் செய்யும் அனிமேஷனில் வழக்கமாக ஒவ்வொரு பிரேமுக்கும் உருவம் சற்றே நகரும். இதைக் கூடங்களில் ‘ஆன் ஒன்ஸ்’ என்போம். கையால் வரைந்த காலத்தில் அவ்வளவு தாள் வரைவது கட்டுப்படியாகாது என்பதால் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். விநாடிக்கு 12 ஓவியம் போதும், இது ‘ஆன் டூஸ்’. மலிவான தொலைக்காட்சித் தொடர்களில் மூன்று, நான்கு பிரேம்கள்கூட நிறுத்துவோம். என் இருபதுகளில் பாதி இந்த வேலையில்தான் கழிந்தது. 2018 படத்தை எடுத்தவர்கள் கணினியில் ஒன்ஸ் எளிதாகக் கிடைக்கும்போதே அதை விட்டு, பெரும்பாலான இடங்களில் டூஸுக்குத் திரும்பினார்கள். அத்தோடு நிற்காமல், வேகமாக அசையும் கையைக் கேமரா பிடித்தால் வரும் மங்கலையும் எடுத்துவிட்டார்கள். சாதாரணமாக இந்த மங்கல்தான் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே மெழுகுபோல் நின்று கண்ணை வழுக்கவிடுகிறது. நிலைகளின் எண்ணிக்கை பாதியாகி, நடுவில் மெழுகும் இல்லாமல் போனால் கண் ஒவ்வொரு படியிலும் காலை வைத்துத்தான் இறங்க வேண்டும். உங்களுக்குத் தடுக்கியது இந்த இரண்டும் சேர்ந்த விளைவு.

இது சிக்கனத்துக்காகச் செய்ததில்லை. வழக்கமான படத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு நான்கு விநாடி அளவு முடிப்பார் என்றால், இந்தப் படத்தில் ஒரு விநாடிதான் முடிந்தது என்று படக்குழுவினரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு அந்தப் படத்திலேயே ஒரு காட்சி சாட்சி. ஆய்வகத்திலிருந்து தப்பி, காட்டு மரங்களுக்கிடையே படத்தின் நாயகனான சிறுவன் மைல்ஸும், அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய சலித்துப்போன பீட்டரும் நூலைப் பிடித்துத் தாவிப் போகிறார்கள். பீட்டர் ஒன்ஸில் நகர்கிறார்; மைல்ஸ் டூஸில் நகர்கிறான். ஒரே சட்டகத்துக்குள் ஒருவருக்கு விநாடிக்கு 24 நிலை, மற்றவனுக்கு 12. ஒருவர் வழுக்கிக்கொண்டு போகிறார், மற்றவன் ஒவ்வொரு மரத்திலும் அரைக் கணம் பின்தங்குகிறான். ‘இவனுக்கு இன்னும் தாவ வரவில்லை’ என்று யாரும் வசனம் பேசத் தேவையில்லாமல் பிரேம் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. அவனுக்கு லயம் பிடிபடும்போது கணக்கும் மாறுகிறது. அனிமேஷனில் இத்தனை ஆண்டு இருந்த எனக்கு, நாங்கள் காசில்லாமல் செய்த ஒரு குறுக்குவழி கதை சொல்லும் கருவியாக மாறியதைக் கண்டபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இதை வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். ஒரு சிறுவன் ஓடி வந்து வரப்பைத் தாண்டுவதை 24 தாள்களில் வரைந்து ஒரு கட்டு, அதே ஓட்டத்தை 12 தாள்களில் வரைந்து இன்னொரு கட்டு. இரண்டையும் ஓரத்தில் கிளிப் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இரண்டையும் ஒரே நேரம் எடுக்கும்படி விரலால் விசிறிப் பார்க்கச் சொன்னேன். முதல் கட்டை ‘நைஸா இருக்கு’ என்றார்கள். இரண்டாவதை விசிறிய ஒன்பது வயதுப் பையன், ‘இதுல கால் தரையில படுறது தெரியுது சார்’ என்றான். கல்லூரியில் இதற்கு முழுப் பாடவேளை எடுத்துக்கொண்டு சொல்வார்கள்; அவன் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நிலைகள் குறையும்போது ஒவ்வொரு நிலைக்கும் எடை கூடுகிறது. அந்த எடை சிலருக்குத் துடிப்பாகவும், சிலருக்கு இடறலாகவும் படுகிறது. உங்களுக்கு இடறலாகப் பட்டதில் தவறொன்றும் இல்லை.

அடுத்தது வண்ணங்கள் விலகி நிற்பது. நம் மலையில் தூரத்தைக் காட்டுவது மூடுபனி: பக்கத்துத் தேயிலைச் செடியின் இலை நரம்புவரை தெரியும், எதிர்மேட்டுச் சோலை வெளுத்துப் போயிருக்கும். கேமரா இதே வேலையைக் குவியம் விட்டுப்போன மங்கலால் செய்கிறது. இந்தப் படம் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு அச்சுக்கூடத்திலிருந்து ஒரு குறையைக் கடன் வாங்கியிருக்கிறது. நான்கு வண்ண அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மிகச் சரியாகப் பதிய வேண்டும். ஒரு தட்டு மயிரிழை நகர்ந்தாலும் ‘ரிஜிஸ்டர் விலகிவிட்டது’ என்பார்கள். சிவகாசி நாட்காட்டி மாட்டாத வீடு நம் பக்கத்தில் குறைவு; மலிவுப் பதிப்பில் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு மோவாயில் இறங்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தில் நாம் பார்க்க வேண்டிய முகம் சரியான ரிஜிஸ்டரில் இருக்கும். பின்னால் போகப் போகத் தட்டுகள் விலகிக்கொண்டே போகும். வெளிச்சம் குறையும் இடங்களில் புள்ளிகளும் குறுக்குக்கோடுகளும் நிழலாக வருகின்றன. 1879இல் பெஞ்சமின் டே உருவாக்கிய, பின்னாளில் அமெரிக்க காமிக்ஸ்களில் எங்கும் பரவிய புள்ளியச்சு முறையின் நினைவு அது. எனவே நீங்கள் கண்ட விலகல் உண்மையிலேயே திரையில் இருந்தது. திரையரங்கில் கண்ணாடி கொடுக்க மறந்துவிட்டார்களோ என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை. பல நாடுகளிலும் பார்த்தவர்கள் இதே ஐயத்தை எழுப்பினார்கள்.

திரையில் கண் எங்கே பதிகிறது என்பதும் இதில் சேர்கிறது என்பது என் அனுமானம். ஆய்வு எதையும் காட்டி நிறுவ முடியாது. கோத்தகிரியில் ஒரு சிறிய கூடத்தில் வாடகை புரொஜெக்டர் வைத்து முதல் படத்தை முப்பது பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன்; இரண்டு முறை மின்சாரம் போனது, அது தனிக்கதை. பின்வரிசையில் நின்று திரையைப் பார்ப்பதைவிட முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன். பிள்ளைகளின் கண் பாத்திரத்தின் முகத்தை விட்டு அகலவில்லை. அழைத்துவந்த பெற்றோர் சிலர் சட்டகம் முழுவதையும், மூலைகளையும்கூடத் துழாவிக்கொண்டிருந்தார்கள். மூலையில்தான் தட்டு விலகியிருக்கிறது. முகத்தையே பின்தொடர்கிறவருக்கு அது ஆழமாகத் தெரிகிறது, மூலையைச் சோதிக்கிறவருக்கு அழுக்காகத் தெரிகிறது.

நம்மில் பழைய காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸிலும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் வளர்ந்தவர்களுக்கு ‘ஸ்பைடர்’ என்றவுடன் நினைவுக்கு வருவது 1965இல் பிரிட்டனில் பிறந்த, கூர்காதுகள் கொண்ட, குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமான வேறொரு ஆசாமி. அமெரிக்க ஸ்பைடர்-மேனின் அறுபதாண்டுக் கிளைகளும் திருப்பங்களும் நமக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தன. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் உருவாக்கிய பீட்டர் பார்க்கருக்கும், 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிகெல்லியும் உருவாக்கிய மைல்ஸ் மொரேல்ஸுக்கும் இடையில் எத்தனை வகை சிலந்திகள் என்று அறிந்தவர் சிரிக்கும் இடங்கள் படத்தில் ஏராளம். அவற்றில் பாதி நமக்குத் தவறிப்போகும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். எனக்கும் பாதி தவறியது.

இனி நாயகர்கள் ஒன்றுகூடும் விதம். ஒரு படத்தில் பல நாயகர்களைச் சேர்க்கும்போது வழக்கமாகச் செய்வது, எல்லோரையும் ஒரே வெளிச்சத்துக்குக் கீழே, ஒரே தோல், ஒரே நிழல் என்று சமன்படுத்துவது. கம்பாசிட்டிங் மேசையில் நான் பல ஆண்டுகள் செய்த வேலை அதுதான். வெவ்வேறு இடத்தில் எடுத்தவை ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிய வேண்டும், ஒட்டுத் தெரியக் கூடாது. இந்தப் படம் ஒட்டைத் தெரியவிட்டது. பழைய குற்றப் படங்களைப் போன்ற கறுப்பு வெள்ளை ‘நுவார்’ உலகிலிருந்து வருகிறவர் வண்ண உலகுக்குள்ளும் கறுப்பு வெள்ளையாகவே நிற்கிறார். ரூபிக் கனசதுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்ணம் என்பது என்னவென்று திகைக்கிறார். பெனி பார்க்கர் ஜப்பானிய அனிமே வழியில் கண்ணும் வாயும் விரிய வருகிறாள்; பன்றி வடிவ ஸ்பைடர்-ஹாம் பழைய கார்ட்டூன் குறும்படங்களின் ரப்பர் உடலோடு, பெரிய சுத்தியலோடு வருகிறார். யாரும் தன் ஓவிய விதியை விட்டுக்கொடுக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு பெரிய தாளில் மூன்று பேரை வரையச் சொன்னேன்: ஒரு மூலையில் குறும்பர் ஓவியத்தின் மெல்லிய கோட்டு மனிதர்கள், நடுவில் தோடர் பூத்தையலின் சிவப்பு கறுப்புக் கட்டங்களால் ஆன ஒருவர், மறுமூலையில் நாட்காட்டி முருகன். மூவரும் ஒரே பந்தைத் துரத்த வேண்டும். முதலில் ‘சேராது சார்’ என்றார்கள். பந்து மூவருக்கும் பொதுவானதும் சேர்ந்துவிட்டது. படத்திலும் அப்படியொரு பொதுப்பந்து இருக்கிறது: ஒவ்வொரு சிலந்தியும் தனக்கு வேண்டிய ஒருவரை இழந்தவர். வெவ்வேறு கோடுகளில் வரைந்த அத்தனை பேரும் அந்த ஓர் இடத்தில் ஒரே மொழியில் பேசுகிறார்கள்.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மைல்ஸின் தாய் வீட்டில் ஸ்பானிய மொழியில் பேசும் வரிகளுக்கு மூலப் படத்தில் துணைத்தலைப்பு கிடையாது. வீட்டில் படுகு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழுக்கு மாறும் ஒரு சிறுமி இதைத்தான் முதலில் கவனித்தாள். ‘எங்க வீடு மாதிரியே’ என்று சொன்னவளுக்குத் தடுக்கல், புள்ளி எதுவும் கண்ணில் படவே இல்லை. படத்தை ரசித்தவர்கள் எல்லோரும் ஓவிய நுட்பத்துக்காக ரசித்தார்கள் என்று என் போன்றவர்கள் எழுதுவது பாதிக்குமேல் எங்கள் தொழில் மயக்கம்.

பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பதற்கு உறுதியான சில எண்கள் உண்டு. முதல் படம் 2018 டிசம்பரில் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் ஈட்டியது சுமார் 3.5 கோடி டாலர். சூப்பர்ஹீரோ படத்துக்கு இது அடக்கமான தொகை. ஓடி முடிந்தபோது அங்கே மட்டும் சுமார் 19 கோடி டாலர் சேர்ந்திருந்தது. இத்தகைய பெரிய படங்கள் தொடக்க வசூலின் இரண்டரை, மூன்று மடங்கோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். இது ஐந்து மடங்கைத் தாண்டியது. கிறிஸ்துமஸ் விடுமுறையின் உதவியைக் கழித்துவிட்டாலும், பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வந்தார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருவோரிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அது ‘ஏ பிளஸ்’ வாங்கியது. 2019இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ‘ராங்கோ’ வென்றதற்குப் பிறகு டிஸ்னி, பிக்சார் இரண்டின் கையை விட்டு அந்த விருது வெளியே வந்தது அப்போதுதான். அதன் மூன்று இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சே அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பின இயக்குநர். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சினிமாஸ்கோர் கேட்பது முதல் நாளே ஓடிப்போய்ப் பார்க்கிறவரிடம்; மகள் இழுத்துக்கொண்டு போனதால் போகும் தந்தையிடம் யாரும் கேட்பதில்லை. ‘எல்லோரும் கொண்டாடினார்கள்’ என்ற சொல்லில் வரும் ‘எல்லோரும்’ அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை.

இரண்டாவது படத்துக்கு வரவேற்பு இன்னும் பெரியது, கொஞ்சம் கலங்கலானது. தொடக்க வார இறுதியிலேயே அமெரிக்காவில் சுமார் 12 கோடி டாலர், உலகம் முழுவதும் சுமார் 69 கோடி; முதல் படத்தின் உலக வசூல் சுமார் 38 கோடிதான். இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டில் பார்த்து ரசித்த கூட்டம் திரையரங்குக்கு வந்ததே காரணம் என்று கருதுகிறேன். சினிமாஸ்கோர் மட்டும் ‘ஏ பிளஸ்’ஸிலிருந்து ‘ஏ’வுக்கு ஒரு படி இறங்கியது. உங்கள் குறைகள் இரண்டு அந்த ஒரு படிக்குள் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். 2 மணி 20 நிமிடம் உட்காரவைத்துவிட்டு, ‘தொடரும்’ என்று போட்டு எழுப்பிவிட்டார்கள். இது ஒரு கதையின் முதல் பாதி என்பது செய்திகளைத் தொடர்ந்து படித்தவருக்குத்தான் தெரியும். அடுத்த பகுதி 2024 மார்ச்சில் வரும் என்று முதலில் அறிவித்தார்கள். அது தள்ளித் தள்ளி இப்போது 2027 என்று நிற்கிறது. உங்கள் மகள் அதைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பாள். இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் வாங்கும் இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் என்ற உங்கள் கோபம் நியாயமானது.

வசனம் பிடிபடாததிலும் உங்கள் காது மேல் பழி இல்லை. மைல்ஸின் தோழியும் வேறோர் உலகத்தின் சிலந்தியுமான க்வென் பேசும் தொடக்கப் பகுதியில் இசைக்கும் டிரம்ஸுக்கும் கீழே குரல் அமுங்கிவிடுகிறது என்று ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தவர்கள் வெளியான முதல் நாட்களிலேயே புகார் சொன்னார்கள். தயாரிப்பாளர் தரப்பே திரையரங்குகளை ஒலி அளவைக் கூட்டி வைக்கக் கேட்டுக்கொண்டதும், திருத்திய ஒலிக்கலவை அனுப்பப்பட்டதும் நடந்தவை. இந்தியாவில் ஆங்கிலம் சேர்த்துப் பத்து மொழிகளில் வெளியானபோது தமிழ்ப் பதிப்புக்கும் இதே கோளாறு வந்ததா, நீங்கள் போன அரங்கின் ஒலிபெருக்கிதான் தாழ்ந்திருந்ததா என்பதை இங்கிருந்தபடி பிரிக்க முடியாது. டப்பிங்கில் குரல் தனித்தடத்தில் புதிதாக ஏறுவதால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இரண்டாவது படத்தில் ஓவியம் வளர்ந்திருக்கிறது, ஓய்வு குறைந்திருக்கிறது. க்வெனின் உலகம் நீர்வண்ணத்தில் நனைந்திருக்கிறது; தந்தையும் மகளும் பேசும் அறையின் சுவரில் வண்ணம் அவர்கள் மனநிலைக்கேற்ப வழிந்து மாறுவதைப் போன்ற ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஹோபி என்ற பங்க் ராக் இசைக்காரச் சிலந்தியின் உடல் ஒரு பிரேம் கணக்கிலும் மேலங்கி வேறொரு கணக்கிலும் ஓடுகின்றன. எதற்கும் அடங்காதவன் என்பதை அப்படிக் காட்டுகிறார்கள். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்த மும்பாட்டன் நகரம், நம் நாட்டு இந்திரஜால் காமிக்ஸின் வண்ணங்களைப் பார்த்து வரைந்தது. ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் அருமை. அவை அனைத்தும் அடுத்தடுத்து, மூச்சுவிட இடமில்லாமல் வரும்போது விருந்தில் பாயசம் முடியுமுன் மறு பாயசம் ஊற்றுவதுபோல் ஆகிவிடுகிறது. முதல் படத்தில் ஒரு புதிய ஓவிய விதி நம் கண்ணுக்குப் பழகும்வரை காத்திருந்தார்கள். இதில் காத்திருக்கவில்லை. மும்பாட்டனில் ‘சாய்’ என்றாலே டீதான், ‘சாய் டீ’ என்று எதற்கு இரண்டு முறை சொல்கிறாய் என்று அந்நகரத்தின் சிலந்தியான பவித்ர் மைல்ஸைக் கடிந்துகொள்ளும் நகைச்சுவைக்கு உலகமே சிரித்தது. தேயிலைக் காட்டுக்கு நடுவே டீ என்று மட்டுமே சொல்லி வளர்ந்த என் வகுப்பில் அது யாருக்கும் எட்டவில்லை.

வீட்டு டிவியில் பார்த்த முதல் படத்தைப் பற்றி ஒரு முக்கியமான ஐயம் எனக்கு இருக்கிறது. இப்போதைய டிவிகளில் பெரும்பாலானவற்றில், கிரிக்கெட் பந்து வழுக்கலாகத் தெரிவதற்காக, இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாத பிரேமைத் தானே கற்பனை செய்து நுழைக்கும் வசதி கடையிலிருந்து வரும்போதே இயக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். படத்துக்கான அமைப்புகளுக்குள் ‘மோஷன்’ அல்லது ‘ஸ்மூத்’ என்ற சொல் வரும் இடத்தில் தேடுங்கள். சாதாரணப் படத்தையே அது மெகாசீரியல்போல் ஆக்கிவிடும். 2018 டிசம்பரிலேயே நடிகர் டாம் குரூஸ் ஒரு காணொளியில் தோன்றி அதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்தப் படத்தில் நிலைமை இன்னும் மோசம். டூஸில் நிறுத்திவைத்த நிலையையும் ஒன்ஸில் ஓடும் உருவத்தையும் அக்கருவி பிரித்தறியாமல், சில இடங்களை வழுக்கவும் சில இடங்களை இடறவும் வைக்கும். உங்கள் டிவியில் அது இயங்கிக்கொண்டிருந்ததா என்று தெரியாததால் இதை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் தடுக்கல் சீராக இல்லாமல் ‘விட்டு விட்டு’ வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கருவியின் அடையாளம்போல் தெரிகிறது.

தலைவலி விஷயத்தில் என் அறிவுக்கு எல்லை உண்டு. வண்ண விலகலும், வெட்டி வெட்டி மாறும் பளிச்சிடல்களும் சிலரின் கண்ணைக் களைப்படையச் செய்யும் என்பது அனுபவத்தில் கண்டது. 2018இலேயே ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ படத்துக்கு, ஒளிச்சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்கள் கவனம் என்று பல திரையரங்குகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இப்படங்களை இருட்டறையில் போட வேண்டாம். மற்றபடி கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து, பர்லியாறு தாண்டி அத்தனை வளைவுகளில் ஏறிய பிறகு வந்த தலைவலியில் படத்தின் பங்கு எவ்வளவு, சாலையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்த நுட்பத்தைப் புகழும்போது அதன் விலையையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது படத்தில் ஆயிரம் பேர் அளவில் கலைஞர்கள் வேலை செய்தார்கள். முடித்துக் கொடுத்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னதால் நூறு பேர் அளவில் நடுவிலேயே விலகினார்கள் என்று, பெயர் சொல்லாத கலைஞர்கள் சிலரை ஆதாரமாகக் கொண்டு ஓர் அமெரிக்க இதழ் 2023 ஜூனில் எழுதியது. தயாரிப்புத் தரப்பு அந்தச் சித்திரத்தை ஏற்கவில்லை. எது எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கணினியை ரெண்டருக்கு, அதாவது காட்சியை இறுதிப் படமாக்கும் வேலைக்குப் போட்டுவிட்டு மேசைக்கடியில் படுத்து, காலையில் ‘எல்லாம் மாறிவிட்டது’ என்ற செய்தியோடு எழுந்த நாட்கள் எனக்கும் உண்டு என்பதால் அந்தச் செய்தியை ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

உங்கள் மகள் நான்கு முறை பார்த்ததைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டிவியில் அந்த மோஷன் வசதியை அணைத்துவிட்டு முதல் படத்தின் காட்டுத் தாவலைப் போடுங்கள். பிறகு மைல்ஸ் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும் இடத்துக்குப் போய், அவன் விரல்கள் கண்ணாடியை விடும் கணத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பயத்தில் விரல்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவனோடு சேர்ந்து கண்ணாடியும் பெயர்ந்து வருகிறது. நான்கு முறை பார்த்தவள் என்றால் நீங்கள் கேட்குமுன்பே சொல்லிவிடுவாள். அவளுக்கு வரையும் ஆசையும் இருந்தால் இன்னொரு செய்தியும் சொல்லலாம்: இரண்டாவது படத்தில் வரும் லெகோ காட்சியைச் செய்தது டொரண்டோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன். படத்தின் முன்னோட்டத்தை லெகோ பொம்மைகளாக வீட்டுக் கணினியில் செய்து வெளியிட்டதைப் பார்த்துப் படக்குழு அவனை அழைத்தது. அவன் பயன்படுத்திய பிளெண்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கணினிக்கு முன் தாள் நல்லது என்பது என் பிடிவாதம். கோத்தகிரிக்கு ஏதாவது ஒரு ஞாயிறு காலை அழைத்து வந்தால் அந்த 24 தாள் கட்டையும் 12 தாள் கட்டையும் அவள் கையிலேயே கொடுக்கிறேன். புதுத்தாள் வாங்க வேண்டாம். ஒரு பக்கம் எழுதிய பழைய தேர்வுத்தாள்கள் நாற்பதும், அவற்றைப் பிடிக்க ஒரு பெரிய கிளிப்பும் போதும்.